பாதி வளர்ந்த நகம்

என் வலது கால் பெருவிரல் நகம் கெட்டுப்போன கதை ஒரு விளையாட்டுப் போட்டியில் தொடங்கியது. இலங்கை மலையகத்தில், பசறைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் அப்போது நான் கணிதம் படிப்பித்தேன். அந்த வருடம் ஆசிரியைகளுக்கென்று கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடும் போட்டி வைத்தார்கள். எல்லோரும் வெறுங்காலோடு ஓடினோம். பழத்தையே பார்த்துக்கொண்டு ஓடியதில், கோடு காட்ட வைத்திருந்த கல்லில் என் பெருவிரல் மோதியது. பழமும் விழுந்தது, நானும் விழுந்தேன். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

நகத்தின் நுனிப்பக்கத்தில் இரத்தம் கட்டிக் கறுத்தது. இரண்டு மாதத்தில் கறுப்பு மெல்ல முன்னால் நகர்ந்துபோய் மறைந்தது. ஆனால் நகத்தின் வெளி ஓரம் சதையிலிருந்து சற்று விடுபட்டிருந்தது. அந்த இடைவெளியில், நுனியில், ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அடிபட்டதின் மிச்சம், தானாகப் போய்விடும் என்று நினைத்தேன்.

அம்மாவும் நானும் இருந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு வர முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் அந்தப் பாதையில் சேறு காயாது. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவதற்கு றப்பர் பூட்ஸ் வைத்திருந்தார். தேய்ந்துபோய் அவர் கழித்த பழைய சோடி எனக்கு. அதைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வருவேன். அங்கேயிருக்கும் கடையில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, பையிலிருந்து சப்பாத்தை எடுத்து மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். காலைக் கழுவினால் துடைக்க நேரமிருக்காது. ஈரக் காலிலேயே காலுறையை இழுத்து விடுவேன். பின்னேரம் அதே பூட்ஸ், உள்ளே இன்னும் ஈரம் காயாமல் இருக்கும்.

விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவது லயத்தில் யாருக்கும் புதிதில்லை. தோல் வெளுத்து உரியும், அரிக்கும். மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவோம். மழை விட்டால் அதுவும் விட்டுவிடும். அடுத்த மழைக்குத் திரும்ப வரும். அந்த அரிப்புக்கும் நகத்திலிருந்த வெள்ளைப் புள்ளிக்கும் ஏதும் தொடர்பிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆறு மாதத்தில் புள்ளி பட்டையாக மாறி, நுனியிலிருந்து உள்நோக்கிப் போனது. வெள்ளை, மஞ்சளானது. பிறகு நகம் தடிக்கத் தொடங்கியது. முன்பு 'டிக்' என்று வெட்டும் நகவெட்டி அதன்மேல் வழுக்கியது. குளித்த பிறகு ஊறியிருக்கும்போதுதான் வெட்ட முடிந்தது. வெட்டினால் துண்டாக வராமல் மாவாக உதிர்ந்தது. நகத்துக்கடியில் சுண்ணக்கட்டித் தூள் மாதிரி ஒரு பொடி சேர்ந்திருந்தது. பாடசாலை விட்டு வந்து காலுறையைக் கழற்றினால் ஒரு வாடை. அடுத்த வருட மழைக்குள் பக்கத்து விரலும் ஓரத்தில் மஞ்சளாகிவிட்டது.

வலி மட்டும் இல்லை. வலித்திருந்தால் நான் அன்றைக்கே யாரிடமாவது காட்டியிருப்பேன். வலிக்காத ஒன்றுக்கு ஒரு நாள் லீவு போட்டு பதுளைக்குப் போவதா என்று தள்ளிப்போட்டேன். பசறை பார்மசியில் விவரத்தைச் சொல்லி ஒரு கிறீம் வாங்கினேன். விரலிடுக்கு ஆறியது. நகம் அசையவில்லை. பிறகு ஒரு கடும் சிவப்பு நெயில் பொலிஷ் வாங்கி இரண்டு காலுக்கும் பூசினேன். அதோடு பிரச்சினை தீர்ந்ததாக நானே தீர்மானித்தேன். ஓய்வறையில் இன்னொரு ஆசிரியை, "டீச்சர் இப்பெல்லாம் ஸ்டைல்தான்" என்றார். நான் சிரித்து வைத்தேன். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் சேலைக் கரை காலை மூடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்வேன்.

எனக்கு முப்பத்தொரு வயதில் கலியாணம் பேசினார்கள். அப்புத்தளைத் தபால் கந்தோரில் வேலை செய்பவர். ஆனியில் நிச்சயம் செய்து, தையில் கலியாணம் என்று முடிவானது. அப்பா இல்லை. எல்லாவற்றுக்கும் அம்மாவும் நானும்தான் அலைந்தோம். ஆவணியில் ஒரு சனிக்கிழமை மெட்டி வாங்க பதுளைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு மூன்று அளவுகளை எடுத்து வைத்தார்.

"செருப்ப கழட்டுங்க தங்கச்சி, போட்டுப் பாத்திரலாம்" என்றார்.

"வேணாம், அளவு தெரியும்" என்றேன்.

"மெட்டி அளவு ஒனக்கு எப்புடி புள்ள தெரியும்?" என்று அம்மா கேட்டார்.

நான் கண்ணளவிலேயே ஒரு சோடியை எடுத்து, இது சரி என்றேன். பஸ்ஸில் பசறை வரைக்கும் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, "காலக் காட்டு" என்றார்.

நெயில் பொலிஷைத் துடைத்துவிட்டுக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. முகம் மட்டும் மாறியது. எழுந்து குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "திங்கக்கெழம லீவு போடு. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போயும் தோல் கிளினிக்கில் எங்கள் முறை வரப் பத்து மணியாகிவிட்டது. டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், யாழ்ப்பாணத்துக்காரர். மேசையைச் சுற்றி வந்து, ஒரு சிறிய ஸ்டூலில் உட்கார்ந்து, என் காலைத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். யாரும் பார்க்கக்கூடாதென்று இரண்டு வருடம் மறைத்த கால்.

"எத்தினை காலமா இப்பிடி இருக்கு?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல, டாக்டர்."

"ஈரச் சப்பாத்துப் போடுறனீங்களோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். கல்லில் அடிபட்டது, பூட்ஸ், சேற்றுப்புண், நெயில் பொலிஷ் எல்லாம். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"இது பங்கசு, பூஞ்சணம், பிள்ளை. முதல்ல விரலிடுக்கிலதான் இருந்திருக்கும். அடிபட்டு நகம் விட்டுக் குடுத்த இடத்தால உள்ளுக்குப் போயிருக்கு. நகத்துக்குக் கீழ இருந்து கொஞ்சம் கொஞ்சமாத் திண்டுகொண்டு அடிப்பக்கம் வரும். அவசரப்படாது. அதாலதான் ஒருத்தரும் கவனிக்கிறேல்லை. நீங்கள் பூசின கிறீம் தோலுக்குச் சரி. இவ்வளவு தடிச்ச நகத்துக்குள்ள அது போகாது."

நகத்தின் ஒரு துண்டை வெட்டி, அடியிலிருந்த பொடியையும் சுரண்டி, சிறிய தாளில் மடித்துச் சோதனைக்கு அனுப்பினார். பிறகு கேட்டார்: "வீட்டில வேற ஆருக்கும் இருக்கோ?"

"இல்லைங்க. அம்மாவும் நானும் மட்டுந்தான்."

டாக்டர் என் பின்னால் நின்ற அம்மாவின் காலைப் பார்த்தார். அம்மா தடித்த காலுறையும் அதன்மேல் மூடிய சப்பாத்தும் போட்டிருந்தார். வீட்டுக்குள்ளும் அம்மா காலுறையோடுதான் திரிவார். குளிர் தாங்கவில்லை என்பார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

"அம்மா, உங்கட காலையும் ஒருக்காப் பாப்பமே."

"வேணாங்க டாக்டர். எனக்கு ஒன்னுமில்லீங்க. குளிருக்குத்தாங்க போட்டிருக்கேன்."

"இருக்கட்டும். வந்தது வந்தீங்கள். கழட்டுங்கோ."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, முதுகை எனக்குக் காட்டுகிற மாதிரித் திரும்பி, காலுறையைக் கழற்றினார்.

பத்து விரலும் கெட்டிருந்தன. என்னுடையது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இடது பெருவிரல் நகம் கொம்பு மாதிரித் தடித்து, வளைந்து, பக்கத்து விரலின் சதைக்குள் அழுத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு புண். காலுறையில் ஈரமாக ஒட்டியிருந்தது.

டாக்டரின் குரல் மாறியது. "இது நோகேல்லையோ, அம்மா?"

"இல்லீங்களே."

"சீனி வருத்தம் இருக்கோ?"

"ஆமாங்க. தோட்டத்து டிஸ்பென்சரியில மாத்திர குடுக்கிறாங்க."

மெல்லிய நைலோன் நரம்பு ஒன்றை எடுத்து அம்மாவின் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, "தெரியுதோ?" என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மா பல இடங்களில் பதிலே சொல்லவில்லை. நீரிழிவில் கால் மரத்துப்போயிருந்ததால், தொட்டதே அவருக்குத் தெரியவில்லை.

"நோகேல்லை எண்டு சந்தோசப்படாதேங்கோ. நொந்திருந்தால் எப்பவோ வந்திருப்பியள்" என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நல்ல நேரத்தில கொண்டு வந்திருக்கிறியள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இந்த விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்."

நான் அம்மாவைக் கொண்டுபோகவில்லை. அம்மாதான் என்னைக் கொண்டுபோயிருந்தார்.

அன்றைக்கு எங்களுக்கு அலைச்சல். அம்மாவுக்குப் புண் கழுவிக் கட்டி, எக்ஸ்ரே படம் பிடித்து, சீனி கிளினிக்குக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். இருவருக்கும் இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. அந்த வரிசைக்கு முன்னால் இருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அம்மா சொன்னார்:

"அந்தப் பழைய பூட்ஸ நான்தான ஒனக்குக் குடுத்தேன்."

"அதுக்கென்ன?"

"எனக்கு அப்பவே கால் கெட்டுப் போயிருந்திச்சு புள்ள. ஆறேழு வருசமாச்சு. அப்பா இருக்கும்போதே ஆரம்பிச்சிருச்சு. ஒனக்குத் தெரிஞ்சா அருவருப்பா இருக்குமேன்னுதான் மூடிக்கிட்டேன். முந்தாநாள் ஒன் நகத்தப் பாத்தப்பதான் வெளங்குச்சு."

"அதான் குசினிக்குப் போனீங்களா?"

"வேற எங்க போறது?"

எனக்கு அழுகை வந்தது. ஒற்றை அறைக் காம்பராவில், ஒரே நகவெட்டியை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காலை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அம்மா எப்போது நகம் வெட்டுகிறார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

இரத்தச் சோதனை முடிவுகளோடு திரும்பப் போனபோது அம்மா டாக்டரிடம் நேராகவே கேட்டார். "என்கிட்டயிருந்துதாங்க புள்ளைக்கு வந்திருக்கு?"

"வந்திருக்கலாம். பூட்ஸால வரலாம், குளிக்கிற இடத்தால வரலாம், நகவெட்டியால வரலாம். பள்ளிக்கூடத்திலயிருந்து பிள்ளைதான் உங்களுக்குத் திருப்பித் தந்திருக்கவும் கூடும். ஆர் ஆருக்குக் குடுத்ததெண்டு பாக்கிறதில பிரியோசனமில்லை. ரெண்டு பேரும் ஒண்டா மருந்து செய்தால்தான் நிக்கும்."

எனக்கு மூன்று மாதத்துக்குக் குளிசை மாத்திரை தந்தார். அது ஈரலைப் பாதிக்கிறதா என்று பார்க்க இடையில் இன்னொரு தடவை இரத்தம் எடுக்க வேண்டும் என்றார். நான் பெரிய விசயத்தைக் கேட்டேன்.

"தையில கலியாணம், டாக்டர். அதுக்குள்ள நல்லாயிருமா?"

அவர் சிரித்தார். ஏளனச் சிரிப்பில்லை. "மருந்து பங்கசைக் கொல்லும். கெட்டுப்போன நகத்தைத் திருப்பி நல்லதாக்காது. புது நகம் அடியிலயிருந்து வளர்ந்து, பழசைத் தள்ளிக்கொண்டு வர வேணும். பெருவிரலுக்கு ஒரு வருசம், ஒண்டரை வருசம்கூட எடுக்கும். கலியாணத்தண்டைக்குப் பாதிக்கும் குறைவாத்தான் வந்திருக்கும். நெயில் பொலிஷ் பூசாதேங்கோ."

அம்மாவுக்கு அந்தக் குளிசை சரிவராது என்றார். அவர் எடுக்கும் மற்ற மருந்துகளையும் இரத்த முடிவையும் பார்த்துவிட்டு, நகத்தை அராவி மெல்லிசாக்குவது, மேலே பூசும் மருந்து, புண்ணைக் கட்டுவது, சீனியைக் குறைப்பது என்று வழி சொன்னார். முழுதாக நல்லாகாமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

வீட்டில் எல்லாம் மாறியது. பழைய பூட்ஸை லயத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். இரண்டு நகவெட்டி, இரண்டு துவாய்த் துண்டு, குளிக்கும் இடத்துக்கு இரண்டு சோடிச் செருப்பு. கால் துடைக்க நேரம் வேண்டுமென்று காலையில் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பினேன். பாடசாலையில் மத்தியானம் காலுறை மாற்றினேன். பின்னேரம் வந்ததும் அம்மாவை முற்றத்தில் வெளிச்சம் இருக்கும்போதே வாங்கில் உட்கார வைத்து, புண்ணைக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றித் துடைத்து, மருந்து வைத்துக் கட்டுவேன். முதல் இரண்டு நாள் அம்மா காலை இழுத்துக்கொண்டார்.

"டீச்சர் வேல பாக்குற கை. என் காலப் புடிக்கிறியே."

"சும்மா இருங்கம்மா. ஆடாம வைங்க."

மூன்றாம் நாள் தானாகவே காலை நீட்டினார். பிறகு அந்த நேரம் எங்களுக்குப் பேசும் நேரமாகிவிட்டது. லயத்தில் அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா எப்படி இருந்தார் என்றெல்லாம் அம்மா சொல்வார். ஆறு வாரத்தில் புண் காய்ந்து தோல் மூடியது. அதுவரைக்கும் அவரைக் கொழுந்து எடுக்க மலைக்கு அனுப்பவில்லை.

மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியது பாக்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கலியாணத் துணி விசயமாக ரயிலில் பதுளைக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தோம்.

"ஒன்னு சொல்லணும்" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சொல்லுங்க டீச்சர்." முகத்தில் பயம் தெரிந்தது.

சொன்னேன். மெட்டி போடும்போது பார்த்துவிட்டு அதிர்ச்சியடையக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே சொல்வதாகவும் சொன்னேன். அவர் மூச்சை விட்டார்.

"நான் வேற என்னமோன்னு நெனச்சிட்டேன். கலியாணமே வேணாம்னு சொல்லப் போறீங்களாக்கும்னு."

"இதுக்கு வேணாம்னு நீங்க சொல்லலாம்."

"தொத்துமா?"

"தொத்தும். ஒரே செருப்பு, ஒரே துவாய் பாவிச்சா."

கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. உடனே பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"அப்ப செருப்பு ரெண்டு பேருக்கும் தனித்தனி" என்றார். "மெட்டி போட்டா வலிக்குமா?"

"வலிக்காது."

"சரி. அப்ப வேற பேச்சு பேசுவோம். சேல என்ன நெறம்?"

கார்த்திகையில் நகத்தின் அடியில் அதைக் கண்டேன். நகம் தோலைத் தொடும் இடத்தில் பிறை மாதிரி மெல்லிய ரோசா நிறக் கீற்று. முதலில் நம்பவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். ஒவ்வொரு மாதமும் அது கொஞ்சம் உயர்ந்தது. புதிய நகம் மெல்லிசாக, மினுக்கமாக வந்தது. அதற்கு மேலே பழைய நகம் ஒரு படி உயரத்தில், மஞ்சளாக, மேடாக நின்றது. இரண்டுக்கும் நடுவே யாரோ கோடு போட்ட மாதிரி ஓர் எல்லை தெரிந்தது. பக்கத்து விரலில் அந்த எல்லை பாதியைத் தாண்டியிருந்தது.

தையில் தோட்டத்துக் கோயிலில் கலியாணம் நடந்தது. அம்மியில் காலை வைத்தேன். நெயில் பொலிஷ் இல்லை. மஞ்சள் பூசிய காலில் அந்த நகங்கள் எல்லோருக்கும் தெரிந்தன. மாப்பிள்ளை குனிந்து என் காலைப் பிடித்து, இரண்டாவது விரலில் மெட்டியை நிதானமாகத் தள்ளினார். கடையில் நான் கண்ணளவில் எடுத்த அளவு சற்று இறுக்கம். ஒரு தடவை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, பிறகு தள்ளினார்.

பின்னால் அவர் பக்கத்துச் சொந்தக்காரப் பெண் ஒருவர், "என்னாது, பொண்ணுக்கு நகம் இப்புடி இருக்கு?" என்று இன்னொருவரிடம் கேட்டார். மெதுவாகக் கேட்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும். மேளம் அந்த நேரம் பார்த்து நின்றது.

எனக்குக் காது சுட்டது. அம்மா திரும்பினார். "பூஞ்சணம் புடிச்சிருந்திச்சுங்க. எனக்கும் இருக்கு. பதுளையில மருந்து எடுக்கிறோம். பாதி நல்லாயிருச்சு, மிச்சம் வளந்து வருது" என்றார். சாப்பாட்டுக்கு என்ன கறி என்று சொல்வதைப் போல இயல்பாகச் சொன்னார். அந்தப் பெண் ஆமாங்களா என்று தலையாட்டினார். மேளம் திரும்பத் தொடங்கியது.

கடைசி மஞ்சள் துண்டை அதற்கடுத்த வருடம் வைகாசியில் அப்புத்தளை வீட்டு வாசலில் உட்கார்ந்து வெட்டினேன். புதிய நகத்தின் நடுவில் ஒரு சின்ன வரம்பு மட்டும் இருக்கிறது. அடிபட்ட தழும்பு, அது போகாது என்றார் டாக்டர். திரும்ப வராது என்று அவர் உத்தரவாதம் தரவில்லை. போன மழைக்கு விரலிடுக்கு அரித்தபோது அன்றைக்கே மருந்து பூசினேன். இந்தக் குளிரில் சப்பாத்து காய்வதற்கு இரண்டு நாளாகிறது. ஆகவே இரண்டு சோடி வைத்திருக்கிறேன்.

அம்மாவின் பெருவிரல் நகம் இன்னும் மஞ்சள்தான். ஆனால் மெல்லிசாக இருக்கிறது, எங்கேயும் குத்துவதில்லை. எங்களோடு வந்து இருக்கச் சொன்னேன். வேலை விட்டால் பார்க்கலாம் என்கிறார். பின்னேரம் முற்றத்தில் உட்கார்ந்து தானே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்கிறார். காலுறை இல்லாமல்தான் திரிகிறார் என்று பக்கத்துக் காம்பரா அக்கா சொன்னார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அம்மாவின் கிளினிக் நாளில் நானும் லீவு போட்டுவிட்டு பதுளைக்குப் போயிருந்தேன். பசறை பஸ்ஸிலிருந்து அம்மா இறங்கினார். அவர் பின்னால் லயத்துப் பெண்கள் மூன்று பேர் இறங்கினார்கள். மூன்று பேரும் மூடிய சப்பாத்துப் போட்டிருந்தார்கள்.

"இவங்களுக்கும் இருக்கு" என்றார் அம்மா. "வா, வரிச நீளமாகிறதுக்குள்ள போவோம்."